புழுதிக்குள் வந்த இடி

அந்தக் காலத்தில், காட்டு உயிர்களெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவருக்கு ஒரு பெயர்தான். குட்டி பிறந்ததும் தாய் அதைப் புரட்டிப் பார்ப்பாள். கண்ணில் எது முதலில் படுகிறதோ அதையே பெயராக வைத்துவிடுவாள். ஒரு முள்ளெலிக் குட்டி பிறந்தபோதே பந்தாகச் சுருண்டு கிடந்தது. சுருளி என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

அந்தக் காட்டில் ஓடிய ஆறு கோடையில் வற்றிவிடும். ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் கிடக்கும். கீழ்க்கரைக்காரர்களும் மேல்கரைக்காரர்களும் சேர்ந்து இறங்கினால் அடிதடிதான். அதனால் கோடை தொடங்கும்போது ஆற்று மணலில் ஒரு சடுகுடு ஆட்டம் வைத்தார்கள். ஜெயித்த கரைக்குக் கோடை முழுக்கக் காலைத் தண்ணீர். தோற்ற கரைக்குச் சாயங்காலத் தண்ணீர். சாயங்காலம் என்றால் ஜெயித்தவர்கள் குடித்து, குளித்து, உருண்டு புரண்டுவிட்டுப் போன மிச்சம்.

ஆட்டம் காற்று தூக்கியடிக்கிற நாளில்தான் நடக்கும். புழுதி எழும்பினால் எதிரில் நிற்பது யானையா அணிலா என்று தெரியாது. ஆளைப் பார்த்து யாரும் மிரளக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைக் கெடுப்பதற்கென்றே இன்னொரு விதியும் இருந்தது. கோட்டைத் தாண்டிப் பாடி வருகிறவர் தன் பெயரையே மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வர வேண்டும். பொய்ப் பெயர் சொன்னால் மூச்சு நடுவிலேயே அறுந்துபோகும் என்று எல்லோரும் நம்பினார்கள். யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

சுருளி கீழ்க்கரைக்காரி. அவள் கோட்டைத் தாண்டி “சுருளி, சுருளி, சுருளி” என்று போனால் போதும், மேல்கரையில் சிரிப்பு கிளம்பிவிடும். அந்தக் கரையின் தலைவன் மாசானம் என்கிற காட்டுப்பன்றி. “ஏலே, சுருளி வாரா! எல்லாரும் சேந்து ஒரு சத்தம் குடுங்க!” என்பான். “ஹோ!” என்று ஒரு சத்தம் வரும். இவள் அந்த இடத்திலேயே பந்தாகிவிடுவாள். மூச்சு அறுந்துவிடும். உருட்டியே வெளியே தள்ளுவார்கள்.

பல கோடைகளாகக் கீழ்க்கரைக்குச் சாயங்காலத் தண்ணீர்தான். போன கோடையில் அந்தக் கலங்கலைக் குடித்துச் சுருளியின் இரண்டு குட்டிகளில் ஒன்று வயிற்றுப்போக்கில் செத்துப்போனது. மிச்சமிருந்தது ஒன்று. இந்தக் கோடையும் அதே தண்ணீர் என்றால் அதுவும் தங்காது. சுருளிக்கு இது தெரியும். அவள் அதை யாரிடமும் சொல்லி அழவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷத்து ஆட்டத்தில் கீழ்க்கரை ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். மேல்கரையில் மாசானத்தோடு இன்னும் சிலர் நின்றார்கள். கீழ்க்கரையின் தலைவன் கொம்பையா என்கிற மிளாமான். அவனும் அவுட்டாகி மணலில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் பார்த்தான்.

“யாரு மிச்சம்?”

“நாந்தான்ணே” என்றாள் சுருளி.

கொம்பையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். “சரி, போயிட்டு வா. சட்டுனு முடிச்சிட்டு வந்துரு. அடிபடாம வா.”

போய் ஜெயித்துவிட்டு வா என்று அவன் சொல்லவில்லை. அது சுருளிக்குச் சுருக்கென்றிருந்தது. காற்று சுழற்றியடித்தது. புழுதியில் தன் முன்னங்கால்கூட அவளுக்குத் தெரியவில்லை. கோட்டின் ஓரத்தில், ஒரு தாழ்ந்த கிளையில், ஆட்டத்துக்கு நடுவரான செம்போத்து உட்கார்ந்திருந்தது. கோட்டைத் தாண்டுவது யார் என்று பார்க்க முடிவது அதற்கு மட்டும்தான்.

சுருளி மூச்சை இழுத்தாள். தன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மாசானம் எங்கேயோ புழுதிக்குள் செருமினான். சொன்னவுடன் அந்த “ஹோ” வரும். வந்தவுடன் சுருண்டுவிடுவோம். குட்டிக்குக் கலங்கல் தண்ணீர். எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. அவளுக்கு வந்த ஆத்திரம் மாசானத்தின் மேல்கூட இல்லை, அந்தப் பெயரின் மேல்தான். பிறந்த அன்று ஒரு நிமிஷம் எப்படிக் கிடந்தோமோ அதையே சாகிறவரை சுமக்க வேண்டுமா?

“இடி!” என்றாள். “இடி, இடி, இடி, இடி!”

மூச்சு அறுகிறதா என்று ஒரு கணம் காத்திருந்தாள். அறுந்துபோகவில்லை.

மேல்கரையில் யாரும் சிரிக்கவில்லை. “இடியா? எவம்லே அது?” என்று ஒரு குரல் கேட்டது. “கீழ்க்கரைல அப்படி ஒருத்தன் இருக்கானா?” என்றது இன்னொன்று. பின்வாங்கிய கால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சுருளி “இடி, இடி” என்று சொல்லிக்கொண்டே தட்டுப்பட்ட காலையெல்லாம் தொட்டாள். மாசானம் ஓடியே போய் ஒரு கரடியின் வயிற்றில் முட்டிக்கொண்டான். இரண்டு பேரையும் சேர்த்துத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாள்.

புழுதி அடங்கியதும் நடுவில் நின்றது முள்ளெலி.

“இது என்ன ஞாயம் வே!” என்று மாசானம் செம்போத்திடம் பாய்ந்தான். “பொய்ப் பேரு சொல்லி ஜெயிச்சிருக்கா. ஆட்டம் செல்லாது!”

கொம்பையாகூடக் கெஞ்சலாகப் பார்த்தான். “ஏ சுருளி, அப்படியா சொன்ன?”

செல்லாது என்றால் குட்டி போயிற்று. “சொன்னேன்” என்றாள் சுருளி. அவ்வளவுதான் வந்தது.

செம்போத்து சிவந்த கண்ணை உருட்டி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. “பொய்ப் பேரு சொன்னா மூச்சு அறும். அதானே விதி?”

“ஆமா.”

“அறுந்துச்சா?”

மாசானம் குளம்பால் மணலைக் கிளறினான்.

“அப்ப அது பொய்ப் பேரு இல்ல. கோட்டுக்கு உள்ள அவ இடி. வெளிய வந்தா சுருளி. கீழ்க்கரை போய்த் தண்ணி குடிக்கலாம்.”

மறுநாள் விடிந்ததும் சுருளியின் குட்டி தெளிந்த மடுவில் முகம் முழுக்க நனைத்துக் குடித்தது. குடித்துவிட்டுத் தும்மியது. சுருளி அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு தடவை தீர்ப்பு வந்துவிட்டால் காடு சும்மா இருக்குமா? அடுத்த கோடையில் தாய் வைத்த பெயரோடு ஒருவர்கூட ஆட வரவில்லை. காலையில் தன் நிழலைப் பார்த்து ஓடிய முயல் ‘எமன்’ என்று வந்தது. பல்லே இல்லாத நரி ‘ரத்தக்காட்டேரி’. கூட்டத்தில் யாராலும் கவனிக்கப்படாத காடை ‘ராசாதிராசன்’. மாசானம்கூட ‘மின்னல்’ என்று சொல்லிக்கொண்டான், அந்த உடம்போடு. இடி என்ற பெயருக்கு மட்டும் ஏகப்பட்ட கிராக்கி. ஒரே பெயரில் எத்தனை பேரைக் கணக்கு வைப்பது என்று செம்போத்து அலுத்துக்கொண்டு, முந்தி வந்தவளுக்கே பெயர் என்று தீர்த்துவிட்டது. பிந்தி வந்தவர்கள் ‘இடி ரெண்டு’, ‘இடி மூணு’ என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சுருளிக்கு ஒன்று பிடிபட்டது. முன்பு பெயரைக் கேட்டால் யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் தெரியும். இப்போது ஆளின் ஏக்கமே தெரிகிறது. எது இல்லையோ அதைத்தான் ஒவ்வொருவரும் பெயராகச் சொல்லிக்கொள்கிறார்கள். தான் மட்டும் என்னவாம்? அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆட்டம் முற்றிக் காற்று பலமாக அடித்தபோது, மேல்கரையிலிருந்து கடைசியாக ஒரு குரல் மெதுவாகக் கோட்டைத் தாண்டியது.

“பஞ்சு, பஞ்சு, பஞ்சு.”

கீழ்க்கரை விழுந்து விழுந்து சிரித்தது. “பஞ்சாம்லே! அமுக்கிப் பிடிங்க!” என்று கொம்பையா முன்னால் பாய்ந்தான். அவன் தோளில் ஒரு கால் லேசாகப் பட்டது. அவன் அவுட். அடுத்தவன் அவுட். சத்தமே இல்லாமல் அந்தக் கால் ஒவ்வொருவரையும் தொட்டுக்கொண்டு வந்தது.

சுருளி மட்டும் சிரிக்கவில்லை. முயல் எமன் என்றால், பஞ்சு என்று சொல்லிக்கொள்கிறவன் எப்பேர்ப்பட்டவனாக இருப்பான்? ‘பஞ்சு’ என்ற குரல் தலைக்கு நேரே மேலே வந்துவிட்டது. இடி என்ற பெயரெல்லாம் மறந்துபோய், பிறந்த நாளில் கிடந்த மாதிரியே பந்தாகச் சுருண்டாள்.

அந்தக் கால் சரியாக அவள் முள்ளின் மேல் வந்து ஊன்றியது.

“ஆ!”

பஞ்சின் மூச்சு அறுந்துவிட்டது. கீழ்க்கரை ஜெயித்துவிட்டது. சுருளி மெல்லத் தலையை நீட்டினாள். மூக்குக்கு மூக்கு எதிரே, புழுதிக்குள், உள்ளங்காலை நக்கிக்கொண்டிருந்தது சிறுத்தை. அது தன் பேரைச் சொன்னால் காடே காலியாகிவிடும் என்பதால் அதை ஒரு நாளும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை.

“சொல்லிராத” என்றது சிறுத்தை, கிசுகிசுப்பாக. “நெசமாவே விளையாடத்தான் வந்தேன்.”

ஒரு குரல் கொடுத்தால் போதும், எல்லோரும் சிதறி ஓடுவார்கள். சுருளிக்குப் பயம் போகவில்லை. இருந்தாலும் உருட்டித் தள்ளப்பட்ட நாட்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன.

“கோட்டுக்கு உள்ள நீ பஞ்சுதான்” என்றாள். “முள்ளை எடுத்துட்டுப் போ. அடுத்த கோடைக்கும் வா.”

“சரி, இடி” என்றது சிறுத்தை. நொண்டிக்கொண்டே புழுதிக்குள் போய்விட்டது. கிளையிலிருந்த செம்போத்து எல்லாவற்றையும் பார்த்தது. பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்று முதல்தான், ஆட்டத்தில் இறங்குகிற எவரும் வீட்டுப் பெயரைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வேறு பெயரோடு உள்ளே போகிறார்கள். மணல் போய்ச் செல்போன் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. ‘கில்லர் கிங்’ என்றும், பெயர் கிடைக்காமல் ‘கில்லர் கிங் 47’ என்றும் வருகிறவர்களை யாரும் சட்டை செய்வதில்லை. ‘தயிர்சாதம்’ என்று ஒருவன் வந்தால் மட்டும் விவரம் தெரிந்தவர்கள் பதுங்கிக்கொள்கிறார்கள். யார் நீ என்று கேட்பதில்லை, விளையாட விட்டுவிடுகிறார்கள்.