நடு மேசை

குரு என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்திரண்டு வயது, பெயர் சுகிர்தா, ஸ்கூட்டியில் வருவாள். சிஷ்யைக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் பிரமநாயகி. ஆனால் பிரமு என்று சொன்னால்தான் பாளையங்கோட்டையில் தெரியும்.

இருவரையும் சேர்த்து வைத்தது ஒயர் கூடை.

புதன்கிழமைதோறும் மகளிர் மன்றத்து மாடியில் பெண்கள் கூடி உட்கார்ந்து கூடை பின்னுவார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் கீழே ஹாலில் கண்காட்சி. விற்கிற பணம் அப்படியே போர் நடக்கிற தேசங்களில் வீடு வாசலை இழந்து நிற்கிற பெண்களுக்குப் போகும். டிவியில் குண்டு விழுவதைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தால் போதுமா என்று சுகிர்தா ஒருநாள் கேட்டாள். அப்படி ஆரம்பித்த குழு அது.

அதற்கு முன் பிரமு ஒயரைத் தொட்டதுகூட இல்லை. சுகிர்தாதான் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். கை அமைந்துவிட்டது. சிவன் கண் என்று ஒரு முடிச்சு உண்டு, சுற்றிலும் ஒயர் வளைந்து நடுவில் கண் திறந்தது போல நிற்கும். அதைப் பிரமு பின்னினால் குழுவே கிட்ட வந்து பார்க்கும்.

வீட்டில் அடுப்படி மருமகள் கைக்குப் போய்விட்டது. டிவி ரிமோட் பேரன் கையில். குழம்பில் உப்பு போதுமா என்றுகூட அவளை யாரும் கேட்பதில்லை. ஆனால் கண்காட்சி அன்று நடு மேசையில் அவள் கூடை இருக்கும். வருகிறவர்கள் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது யாரு பின்னினது?" என்பார்கள். "நான்தான்" என்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக வருஷம் பூரா விரல் தேயப் பின்னுவாள். பொய் சொல்வானேன், போரில் அடிபட்ட பெண்கள் அவள் நினைப்பில் இரண்டாவதாகத்தான் வருவார்கள்.

இந்த வருஷக் கண்காட்சிக்குச் சில நாள் முன்னால் மெர்சி வந்தாள்.

மெர்சி உள்ளூர்க்காரி, நர்ஸ். சூடான் சண்டைக்குத் தப்பி ஓடி வந்தவர்கள் தங்கியிருக்கும் ஒரு முகாமில் வேலை பார்க்கிறாள். குழு அனுப்பும் பணம் அவள் வழியாகத்தான் போகிறது. லீவில் வந்தவள் பையைத் திறந்து ஒரு கூடையை எடுத்து வைத்தாள்.

"இது அங்கேருந்து வந்தது. ஹவான்னு ஒருத்தி பின்னினா. வேலை முடிஞ்சு சாயங்காலத்துல நான்தான் நமக்குத் தெரிஞ்ச முடிச்சைச் சொல்லிக் குடுத்தேன். ஒயருக்கு எங்க போக? மாவு வார சாக்கைக் கிழிச்சு, முறுக்கி, பின்னிட்டா. கண்காட்சியில வச்சு வித்துக்கிடச் சொன்னா."

"வித்து அவளுக்கு அனுப்பவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல. வேற தேசத்துல தன்னை மாதிரி இருக்கவளுக்கு அனுப்பச் சொன்னா."

கூடை அழுக்கு வெள்ளை நிறம். சாக்கில் அச்சடித்திருந்த நீல எழுத்து அங்கங்கே துண்டு துண்டாகத் தெரிந்தது. எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள்.

"ஏளா, இங்க பாரேன், சிவன் கண்ணு!"

"நம்ம சிவன் கண்ணு எங்க போய்ட்டு வந்திருக்கு பாத்தியளா!"

பிரமு கடைசியாக வாங்கிப் பார்த்தாள். அடியைப் பார்த்தாள், மூலை திரும்புகிற இடத்தைப் பார்த்தாள். அப்புறம் நுனியைத் தேடினாள். பின்னி முடித்து மிச்சம் இருக்கும் நுனியை உள்ளே சொருகி மறைப்பதில்தான் கை தெரியும். பிரமு சொருகினால்கூட உள்பக்கம் விரலை ஓட்டினால் ஓரிடத்தில் லேசாகத் தட்டும். இதில் எங்கேயும் தட்டவில்லை. கூடையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். அகப்படவே இல்லை.

வயிறு எரிந்தது.

"பரவால்ல," என்றாள். "சாக்குக்கு இது போதும்."

"இதை நடு மேசையில வச்சிருவோம்," என்றாள் சுகிர்தா.

அன்று பிரமுவுக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரி புது அட்டிகை போட்டுக்கொண்டு வந்தபோதுகூட அவளுக்கு இப்படி எரிந்ததில்லை. முன்பின் பார்த்திராத ஒருத்தி, முகம்கூடத் தெரியாது, அவள் மேல் இவ்வளவு பொறாமை வரும் என்று பிரமுவுக்கே தெரியாது. அனுப்பின காசில் சாப்பிட்டோம் படுத்தோம் என்று இருக்க வேண்டியதுதானே, கூடை பின்னி அனுப்பு என்று அவளை யார் கேட்டார்கள்? இவளுக்காகத்தானே நான் பின்னினேன், இவளே வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டாளே! இப்படியே புலம்பிப் புலம்பித் தலையணையை நாலு தரம் திருப்பிப் போட்டாள்.

கண்காட்சி அன்று காலையில் முதல் ஆளாக ஹாலுக்குப் போய்விட்டாள். சுகிர்தா தனியாக மேசைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். நடு மேசைக்கு மேலே சுவரில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் தொங்கியது. அதில் கூடாரத்து வாசலில் முக்காடு போட்ட பெண்கள். மேசையில் ஹவாவின் கூடை.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். மழுப்பாமச் சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"எந்தக் கூடை உசத்தி? என்னதா, அவளதா?"

சுகிர்தா துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"நீங்க அவ வேலையைப் பாத்து வைக்கல. பரிதாபப்பட்டு வச்சிருக்கீய."

"அப்படியா?"

"அப்படித்தான். அவ குண்டுக்குத் தப்பி ஓடி வந்தவ, அதனால அவளுக்கு நடு மேசை. எனக்குக் குண்டும் இல்ல, கூடாரமும் இல்ல, அதனால நான் ஓரமாப் போகணும். நல்லாருக்கு உங்க நியாயம்!"

"நடு மேசை வேணுமாக்கா?"

"வேணும்."

"எடுத்துக்கோங்க."

பிரமு இதை எதிர்பார்க்கவில்லை. மாட்டேன் என்று சுகிர்தா சொன்னால் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தனையும் வீணாகப் போயிற்று.

ஹவாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் ஓரத்து மேசையில் மற்றவர்கள் கூடைகளோடு வைத்தாள். தன்னுடையதைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மயில் நீலத்தில் மஞ்சள் கண்கள், பொங்கலுக்கு ஆரம்பித்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னிக்கு இந்த மேசையை விட்டு நான் நவுர மாட்டேன்."

"நவுராதீங்க," என்றாள் சுகிர்தா.

தெரிந்துதான் சொன்னாளா, சும்மா சொன்னாளா, அது எனக்கும் தெரியாது.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். மின்விசிறிக் காற்று தலையில் நேராக இறங்கியதால் பிரமு முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மேலே முக்காட்டுப் பெண்கள், கீழே முக்காட்டோடு இவள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி பேனரைப் பார்த்தாள், பிரமுவைப் பார்த்தாள்.

"ச்சு ச்சு. பாவம்," என்றாள். "எந்தக் கேம்ப்பும்மா நீங்க?"

"கேம்ப்பா? நான் சமாதானபுரம்."

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "சமாதானபுரத்துலயும் கேம்ப்பு போட்டிருக்காவளா?"

"இருக்கும்," என்றான் அவன்.

"அம்மா, நான் இந்த ஊருக்காரி. கூடையைப் பாருங்க," என்றாள் பிரமு.

"இந்த ஊரு பழகிட்டு, என்ன? சந்தோசம். இனிமே எல்லாம் நல்லா நடக்கும்." அந்த அம்மாள் பிரமுவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். கூடையைத் தொடவே இல்லை.

அடுத்து வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். பிரமு விடவில்லை, எழுந்து நின்று கூடையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணாச்சி, இந்தக் கண்ணைப் பாருங்க. ஒண்ணு போல ஒண்ணு இருக்கும்."

"பாத்தேன் தாயி, பாத்தேன்," என்றார் அவர் பேனரைப் பார்த்துக்கொண்டே. "இவ்வளவு கஷ்டத்துலயும் ஏதோ ஒண்ணு செய்யணும்னு தோணுது பாருங்க, அதுவே பெருசு."

பிரமுவுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு தாயும் மகளும் காரில் வந்து இறங்கினார்கள். தாய்க்காரி நேராக நடு மேசைக்கு வந்து பணத்தை நீட்டினாள்.

"இதை எடுத்துக்கிடுதேன். புண்ணியமாப் போகட்டும்."

"நமக்கு எதுக்கும்மா இது?" என்றாள் மகள்.

"நமக்கு யாரு சொன்னா? வீட்டுல பாத்திரம் கழுவ வாராளே, அவளுக்குக் குடுத்திரலாம். இவங்களுக்கும் ஒரு உதவி."

இரண்டு விரலால் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு போனாள். அத்தனை கண்களில் ஒரு கண்ணைக்கூட யாரும் பார்க்கவில்லை.

அதே நேரம் ஓரத்து மேசையில் வண்ணார்பேட்டைச் சந்திரமதி அம்மாள் நின்றிருந்தாள். கைவினைப் பொருள் கடை வைத்திருப்பவள். வாங்குவதில் மகா கெட்டி, எதையும் லேசில் நல்லது என்று சொல்ல மாட்டாள். ஹவாவின் கூடையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உள்ளே விரலை ஓட்டினாள். தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். மறுபடி உள்ளே விரலை ஓட்டினாள்.

"யாரு கை இது?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"அது ஹவா பின்னினதும்மா," என்றார்கள் அங்கே நின்ற பெண்கள்.

"கூப்பிடுங்க அவளை."

"அவ இங்க இல்லம்மா. சூடான்காரி, பாவம், சண்டையில..."

"ஊரு எதுன்னு நான் கேட்டேனா? இந்த மாதிரி இன்னும் பின்னித் தருவாளான்னு கேட்டுச் சொல்லுங்க. என் கடைக்கு வேணும். நுனியை எங்கதான் ஒளிச்சு வச்சிருக்கா, ராட்சசி!"

அத்தனையும் பிரமு காதில் விழுந்தது. யாரு கை இது. வருஷம் பூரா அவள் காத்துக் கிடந்த கேள்வி, அவளைத் தாண்டி ஓரத்து மேசைக்குப் போய்விட்டது. அந்தக் கூடையை அங்கே கொண்டுபோய் வைத்தவளும் அவளேதான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

சுகிர்தா பின்பக்கம் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதானே என்னைய அங்க உக்கார விட்டீய?"

"டீ குடிங்கக்கா."

"எனக்கு ஒரு மண்ணும் வேண்டாம்! காலையிலேருந்து பாவம், பாவம், பாவம்! என் கையைப் பிடிக்காவ, கூடையைப் பிடிக்க மாட்டேங்காவ. பேரு என்னன்னு ஒரு நாதி கேக்கல. எடுத்துட்டுப் போனவ வேலைக்காரிக்குன்னு எடுத்துட்டுப் போறா. நான் வாயைத் தொறந்து தமிழ்ல சொல்லுதேன், ஒருத்தர் காதுலயும் ஏற மாட்டேங்குது. அங்க என்னடான்னா அவ கையைக் கேக்காவ, அவ பேரைக் கேக்காவ, கடைக்கு வேணுங்காவ!" குரல் உடைந்தது. "நான் பிரமு, டீச்சர். எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. எனக்குன்னு ஒரு கை இருக்கு."

"இருக்கு," என்றாள் சுகிர்தா.

வாசலில் இன்னொரு கூட்டம் வந்து நின்றது. பேனரைப் பார்த்தார்கள். காலி நாற்காலியைப் பார்த்தார்கள். சுற்றுமுற்றும் தேடினார்கள்.

"கேம்ப்புலேருந்து வந்திருக்கதாச் சொன்னாவளே, அந்தம்மா எங்க?"

"அன்னா நிக்காவ பாரு. அழுதாவ போலிருக்கு, பாவம்."

பிரமு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் டீச்சர் நான் இப்படி இருக்கணும்?"

சுகிர்தா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு மணிக்கு ஹாலைப் பூட்டிருவாங்கக்கா. அதுக்கப்புறம் நீங்க மறுபடி பிரமு ஆயிரலாம்," என்றாள். "ஹவாவுக்கு எத்தனை மணிக்குன்னுதான் எனக்குத் தெரியல."