சடைச்சி வளர்த்த செவலை

உட்காருங்கள், சொல்கிறேன். யானைகூட மூச்சு வாங்கி ஏறுகிற ஒரு மலைநாட்டை, வெகு காலத்துக்கு முன்னே குன்றக்கோன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் எதைப் பிடித்தாலும் குரங்குப்பிடி.

அந்த நாட்டுத் தினைக்கொல்லைகளைக் காட்டுப்பன்றிகள் உழுது தள்ளின. வேகமான வேட்டை நாய்கள் வேண்டும் என்றான் அரசன். நாய்க்கொட்டிலின் தலைவன் பூதங்கண்ணன், ஓட்டத்தில் வென்ற கடுவனோடு ஓட்டத்தில் வென்ற பெட்டையை இணை சேர்த்தான். பிறந்த குட்டிகள் காற்றாய்ப் பறந்தன. பன்றி திரும்பி ஒரு முறை உறுமியதும் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தன.

வலுவான நாய்கள் வேண்டும் என்றான் அரசன். தாடை பெருத்ததோடு தாடை பெருத்ததைச் சேர்த்தார்கள். அந்தக் குட்டிகள் பாதி மலையிலேயே நாக்கைத் தள்ளிப் படுத்துவிட்டன.

மூர்க்கமான நாய்கள் வேண்டும் என்றான் அரசன். மூர்க்கத்தோடு மூர்க்கத்தைச் சேர்த்தார்கள். அவை பன்றியை விட்டுவிட்டுப் பூதங்கண்ணனின் கெண்டைக்காலைக் கவ்வின. பாவம், பத்து நாள் நொண்டினான்.

கொட்டிலுக்குக் கூழ் காய்ச்சுகிறவள் சடைச்சி. அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேகமான ஒரு பெட்டைக்கு, நெஞ்சு அகன்ற, நிதானமான ஒரு கடுவனை யாரையும் கேட்காமல் தானே சேர்த்தாள். பிறந்தவற்றில், கூப்பிட்ட குரலுக்குத் தின்கிற கூழை விட்டுவிட்டு ஓடிவந்த செவலைக் குட்டியைத் தேர்ந்து வளர்த்தாள்.

கொட்டிலின் வம்சத்தையே கெடுக்கிறாள் என்று பூதங்கண்ணன் அரசனிடம் கோள் மூட்டினான். வரும் வேட்டையில் செவலை பன்றியை நிறுத்தாவிட்டால், சடைச்சி நாட்டை விட்டே போய்விட வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

வேட்டை தொடங்கியது. வேக நாய்கள் முதலில் போய், முதலில் திரும்பின. பெருத்த நாய்கள் சரிவிலேயே படுத்தன. மூர்க்க நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. அதற்குள் கன்றுக்குட்டி அளவு கரும்பன்றி ஒன்று புதரைப் பிளந்து வந்து அரசனைக் கீழே தள்ளியது. அவன் கையிலிருந்த வேல் உருண்டு போயிற்று.

அப்போது வந்தது செவலை, பின்னாலேயே சடைச்சி. மலையேறியும் அதற்கு மூச்சு மிச்சம் இருந்தது. பன்றியின் காதைக் கவ்விப் பிடித்தது. பன்றி உதறியது, செவலை விடவில்லை. அரசன் எழுந்து, வேலை எடுத்துக் குத்திச் சாய்த்தான். "விடு" என்றாள் சடைச்சி. அந்த நொடியே விட்டது.

வேட்டைக்குக் கூட வந்திருந்த ஊரார் மலையே அதிர ஆர்ப்பரித்தார்கள். அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சடைச்சியிடம் கொடுத்து அவளையே கொட்டில் தலைவி ஆக்கினான். கையோடு இன்னொரு ஆணையும் போட்டான். இனிமேல் செவலையையும் அதன் உடன்பிறப்பையும் மட்டுமே சேர்த்துக் குட்டி எடுக்க வேண்டுமாம்.

சடைச்சி மாலையை அவன் காலடியில் வைத்தாள்.

"அது மட்டும் என்னால ஆகாது ராசா. செவலைக்கும் குறை உண்டு, மோப்பம் கொஞ்சம் மட்டம்தான். அதுக்கு மோப்பக்காரப் பெட்டையத்தான் தேடணும். நிறையோட நிறையையே சேத்தா, கூடவே குறையும் பெருகிப்போகும். மூணு தடவ பாத்தாச்சே."

 இன்னும் சரிவிலேயே படுத்துக் கிடந்த பெருத்த நாய்களை அரசன் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, மாலையை எடுத்து, தன் கையாலேயே அவள் கழுத்தில் போட்டான். செவலைக்கு மோப்பக்காரப் பெட்டையிடம் பிறந்த குட்டிகள் வேட்டைக்குப் போன ஆண்டு, தினை ஒரு கதிர்கூடச் சேதமில்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

ஆகவே கேட்டவர்களே, ஒரே சிறப்பை ஊதிப் பெருக்குவது அறிவல்ல, ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறையால் ஈடுகட்டுவதே அறிவு.