பால் பொங்குது

அந்த விளையாட்டை இப்போது யாரும் ஆட முடியாது. நடத்திய கம்பெனி போன வருஷம் கடையைச் சாத்திவிட்டது. பனிமலை, அதன் அடியில் மரப்பாலம், பாலம் தாண்டினால் டிராகன் குகை, எல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஆடியவர்கள் எங்கே சந்தித்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அந்தப் பாலத்துக்குத்தான் வரும். வந்ததும் ஜெபமணியின் கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். அவரும் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இருபது பேர் கொண்ட கூட்டம் அது. பெரும்பாலும் நாகர்கோவில் பக்கத்து ஆட்கள், பிழைப்புக்காக ஊர் ஊராகச் சிதறியவர்கள். தலைமை மெர்லினுக்கு. இருபத்தொன்பது வயது, ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவள் சொல்லிக்கொடுத்துத்தான் மற்றவர்கள் ஆடப் பழகினார்கள். அதனால் ஆசான் என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

ஜெபமணி பஹ்ரைனில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது. தன்னைவிட அத்தனை சின்னவளை ஆசானே என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டை விட்டு வந்த புதிதில், வெள்ளிக்கிழமை லீவில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவரை எழுப்பி உட்கார வைத்தது இந்த விளையாட்டு.

முதல் நாளே ஆசான் ஒரு ஆட்-ஆனை அனுப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். ஆட்-ஆன் என்பது கம்பெனி கொடுப்பதல்ல. ஆடுகிறவர்கள் தாங்களே எழுதி விளையாட்டின் மேல் ஒட்டிக்கொள்வது. யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், எந்த அடி எப்போது விழும் என்று திரையில் பெட்டி பெட்டியாகக் காட்டும். இதில் குரலும் உண்டு. டிராகன் தீ கக்கப் போகும் சமயம் பார்த்து ஒரு பெண்குரல், "பால் பொங்குது! ஓடுங்க மக்களே!" என்று அலறும்.

அந்த 'மக்களே'யைக் கேட்டதும் ஜெபமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரில் பக்கத்து வீட்டு மதில் மேல் எட்டிப் பார்த்து யாரோ கூப்பிட்டது போல இருந்தது. அந்த வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்ததே அந்தக் குரலுக்காகத்தான் என்று பின்னாளில் சொல்வார்.

ஏன் பால் என்று அவர் கேட்டதற்கு, "டிராகன் வாயில நொர தள்ளுதுல்லா, அதான்" என்று கூட்டத்தில் யாரோ அடித்துவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார்.

அவர் சேர்ந்த மூன்றாம் வருஷம் கம்பெனி புது டிராகன் ஒன்றை இறக்கியது. கூட்டம் முப்பத்தோரு தடவை மோதி முப்பத்தோரு தடவையும் மண்ணைக் கவ்வியது. குரல் கூப்பிட்டதும் எல்லாரும் ஒழுங்காக ஓடத்தான் செய்தார்கள். இருந்தும் எப்படிச் சாகிறோம் என்று புரியவில்லை.

ஆட்களைச் சேர்ப்பதும் விலக்குவதும் அப்போது ஜெபமணியின் பொறுப்பு. யார் யார் ஆட்-ஆன் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தார். பத்தொன்பது பச்சைக் குறி, ஒரு சிவப்பு. சிவப்பு கனகபாய்.

கனகபாய்க்கு ஐம்பத்தைந்து வயது, தக்கலை. அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது அவருடைய வேலை. ஜெபமணி வந்த நாளிலிருந்து அவர் மைக்கில் பேசியதில்லை. எதைச் சொன்னாலும் "சரி" என்று எழுதுவார், அவ்வளவுதான்.

ஆட்-ஆன் போடுங்கள் என்று ஜெபமணி எழுதியபோது மட்டும் சரி வரவில்லை.

"எனக்கு அது தேவப்படாது தம்பி."

பத்தொன்பது பேருக்குத் தேவைப்படுவது இந்த அம்மாவுக்கு மட்டும் வேண்டாமாம். ஜெபமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போடாதவர் கூட்டத்தில் கிடையாது என்று விதி எழுதி ஒட்டினார்.

கனகபாய் அதற்குக் கீழே, "சரி. பாத்து ஆடுங்க பிள்ளைகளே" என்று எழுதினார்.

அந்தச் சரி ஜெபமணிக்கு என்னவோ போல் இருந்தது. விளையாட்டுக்குள் போய் ஆசானைத் தேடினார். மெர்லினின் உருவம் மரப்பாலத்தில் நின்றுகொண்டிருந்தது.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணாச்சி."

"ஆடுதவனுக்கு ஆட்-ஆன் கட்டாயம் வேணுமா, வேண்டாமா? ஒத்த வார்த்தையில சொல்லணும்."

"அக்காவ வெலக்கப் போறியளோ?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான ஆசானே."

மெர்லினின் உருவம் பாலத்தின் மறுமுனை வரை போய்த் திரும்பி வந்தது.

"வெள்ளிக்கிழமை எல்லாரையும் ஆட்-ஆன அணைச்சிட்டு வரச் சொல்லுங்க. நீங்களும்தான். ஆடி முடிச்சிட்டுச் சொல்லுதேன்."

"அணைச்சிட்டா? ஒரு நிமிசம் தாங்க மாட்டோமே!"

"தாங்காட்டா என்ன? சாவோம்."

வெள்ளிக்கிழமை மதியம் இருபது பேரும் வந்தார்கள். ஆசான் கூப்பிட்டதால் கனகபாயும் வந்திருந்தார். ஜெபமணி ஆட்-ஆனை அணைத்தார். பெட்டிகளும் கோடுகளும் எண்களும் மறைந்து திரை வெறிச்சென்று ஆனது. அப்புறம்தான் பனி பெய்துகொண்டிருப்பதைப் பார்த்தார். பாலத்துக்குக் கயிற்றுக் கைப்பிடி இருந்தது. அதில் ஒரு குருவி உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. இதையெல்லாம் பார்க்காமலேயே மூன்று வருஷம் இந்தப் பாலத்தில் ஓடியிருக்கிறோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

முதல் தடவை நாற்பது விநாடியில் எல்லாரும் செத்தார்கள். இரண்டாம் தடவை முப்பது. டிராகன் தீ கக்கிய பிறகுதான் ஓடினார்கள். ஒருவர் மேல் ஒருவர் முட்டி விழுந்ததில் கூட்டமே சிரிப்பாய்ச் சிரித்தது.

"யாராவது சத்தமாச்சும் குடுங்கப்பா!" என்றார் ஜெபமணி.

"அக்கா, மைக்கப் போடுங்க" என்றாள் மெர்லின்.

திரையில் எழுத்து வந்தது. "வேண்டாம் பிள்ளே. பழக்கம் விட்டுப் போச்சி."

"எனக்காகப் போடுங்கக்கா."

மூன்றாம் தடவை உள்ளே போனார்கள். கனகபாயின் பழைய மைக் கரகரத்தது. யார் வீட்டிலோ மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. டிராகன் கழுத்தைத் தூக்கியதும் இருபது பேரும் ஓடத் தயாரானார்கள்.

"நில்லுங்க, நில்லுங்க! கழுத்த மட்டுந்தான் தூக்குதான். பொங்கல, இன்னும் பொங்கல."

நின்றார்கள். தீ வரவில்லை. டிராகன் பொய்க்குத் தூக்கியிருக்கிறது. முப்பத்தோரு தடவையும் ஆட்-ஆன் இயந்திரம் அந்தப் பொய்யை நம்பிக் கூப்பிட்டது. ஓடிப்போய் ஒதுங்கியவர்களை டிராகன் ஒவ்வொருவராகப் பொறுக்கியது.

மறுபடி கழுத்து எழுந்தது.

"இப்பம் பால் பொங்குது! ஓடுங்க மக்களே!"

ஜெபமணியின் கை அப்படியே நின்றுவிட்டது. அறையில் தனியாக உட்கார்ந்து மூன்று வருஷம் கேட்ட அதே குரல்.

"ஜெபமணி தம்பி, வலத்துல வா. வலத்துல, மக்களே!"

பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. இயந்திரம் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர் நகரவில்லை. தீ அவர் மேல் விழுந்தது.

மற்ற பத்தொன்பது பேரும் தப்பினார்கள். ஜெபமணி பனியில் செத்துக் கிடந்தபடியே, அவர்கள் டிராகனைச் சாய்த்ததைப் பார்த்தார். காதில் ஒரே கூச்சல், கைதட்டல். "அடுப்புல கொழம்பு கெடக்கு, வாறேன்" என்று சொல்லிவிட்டுக் கனகபாய் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. பாலத்தில் ஜெபமணியும் மெர்லினும் மட்டும் மிச்சம்.

"அந்தச் சத்தம் அக்காவுக்குள்ளதா?"

"ஆமா அண்ணாச்சி. ஒருநாள் ஆடிட்டு இருக்கும்போதே அவங்க வீட்டு அடுப்புல பால் பொங்கிட்டு. அய்யோ பால் பொங்குது, ஓடுங்க மக்களேன்னு பிள்ளைகளப் பாத்துக் கத்துனாங்க. எங்களத்தான் சொல்லுதாங்கன்னு நெனச்சி நாங்க ஓடுனோம். சரியா அப்பம் டிராகன் தீ கக்கிச்சி. அன்னைக்குத்தான் மொதத் தடவ பொழச்சோம். பொறகு அதுவே எச்சரிக்கை வாக்கா ஆயிட்டு."

ஜெபமணிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"பொறகு அத ஏன் மிஷின்ல போட்டிய?"

"அவங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்திட்டு. நாலு மாசம் திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரி. அக்கா இல்லாம எங்களால ஒண்ணும் முடியல. பழைய பதிவுல இருந்து சத்தத்த வெட்டி நாந்தான் ஆட்-ஆன் செஞ்சேன்."

"முப்பத்தோரு தடவ செத்தோம். அது தப்பாக் கூப்பிடுதுன்னு அவங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நானும் கேட்டேன். அது எஞ் சத்தத்துல பேசும்போது நடுவுல நானும் பேசினா பிள்ளைகளு கொழம்பிப் போவும்னாங்க."

ஜெபமணி விதியைத் திறந்தார். அழித்தார். பட்டியலில் அந்தச் சிவப்புக் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலியே ஆசானே. ஆட்-ஆன் வேணுமா, வேண்டாமா?"

"வேணும்னுதான் செஞ்சேன். அக்கா திரும்பி வாறது வரைக்கும்."

"நான் வந்த அன்னைக்கே அவங்க இருந்தாங்களே, மூணு வருசம் ஆச்சே!"

"ஆமா அண்ணாச்சி" என்றாள் மெர்லின். "நாந்தான் அத அணைக்கல."