மலை ஏறிய ஆறு

ஒரு காட்டில் ஒரு கரடியம்மா இருந்தாள். அவளுக்கு ஒரே மகள். இலுப்பைப் பூ உதிரும் மாதத்தில் பிறந்தவள் என்பதால் இலுப்பி என்று பெயர் வைத்திருந்தாள்.

கரடியம்மா அன்பானவள்தான். ஆனால் அவசரக்காரி. தேன்கூட்டைக் கண்டால் தேனீக்கள் கிளம்பிப் போகும்வரை அவளுக்குப் பொறுக்காது. பாதி நாள் மூக்கு வீங்கித்தான் வீடு திரும்புவாள்.

அந்தக் கோடையில் மலைச்சரிவில் பாறைகள் உருண்டு விழுந்து இரண்டு வீடுகளை மூடிவிட்டன. ஒன்று கரடியம்மாவின் குகை. இன்னொன்று நரியின் குகை. மழைக்காலமோ இதோ அதோ என்று நெருங்கிக்கொண்டிருந்தது.

காட்டில் காலியாக இருந்தவை இரண்டே குகைகள். அவற்றின் வாசலில் யானை தன் தந்தத்தால் எண்களைக் கீறி வைத்திருந்தது. ஒன்றில் 6. மற்றதில் 9. ஆறாம் குகையில் காலை வெயில் விழும். ஒரு சொட்டு நீர் உள்ளே வராது. ஒன்பதாம் குகையிலோ, வெளியே மழை நின்றாலும் உள்ளே நிற்காது!

இலுப்பிக்கு ஈரம் ஆகாது. கொஞ்சம் நனைந்தாலும் விடிய விடிய இருமுவாள். போன மழைக்காலத்தில் அவள் இருமிய இருமலைக் கரடியம்மா இன்னும் மறக்கவில்லை. எப்படியாவது ஆறாம் குகை தன் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று தவித்தாள்.

குகை எடுப்பதற்கு அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டின் கடைக்குட்டி வந்து, வேண்டிய குகையின் எண்ணை மணலில் குச்சியால் எழுத வேண்டும். குச்சி கையில் இருக்கும்வரை அழிக்கலாம், திருத்தலாம். கீழே வைத்துவிட்டால் எழுதியது எழுதியதுதான். பெரியவர்கள் எழுதப் போனால் அடிதடியில் முடிகிறது என்பதால் வந்த வழக்கம் அது.

"வருகிற பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எழுதலாம். முதலில் கரடி வீட்டுப் பிள்ளை. அப்புறம் நரி வீட்டுப் பிள்ளை" என்று யானை சொல்லிவிட்டது.

முதல் வாய்ப்பு கிடைத்தும் கரடியம்மாவுக்கு நிம்மதி இல்லை. ஏனென்றால் இலுப்பிக்கு எண் எழுதத் தெரியாது. ஒன்று மட்டும் போடுவாள். அது ஒரு கோடுதானே!

அன்றே கரடியம்மா அவளை மணலுக்கு அழைத்துப் போனாள். மடியில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆறு எங்கேடி பிறக்கும்?"

"மலையிலே!"

"அப்புறம்?"

"கீழே இறங்கி வரும்."

"வந்து?"

"குளத்திலே சேரும்!"

"அவ்வளவுதான்டி தங்கம். இந்த ஆறும் அப்படித்தான். மேலேயிருந்து இறங்கு. கீழே வந்து ஒரு குளம் வெட்டு" என்று சொல்லி, கரடியம்மா மணலில் பெரிதாக ஒரு 6 போட்டுக் காட்டினாள்.

இலுப்பி கைதட்டிச் சிரித்தாள். அவள் போட்ட முதல் ஆறு பாதி வழியில் வற்றிப் போயிற்று. இரண்டாவது ஆறு குளத்தை மறந்து எங்கேயோ ஓடியது. மூன்றாவது போடுவதற்குள் ஒரு வண்டு வந்தது. இலுப்பி அதன் பின்னால் ஓடிவிட்டாள்.

இதையெல்லாம் எதிரே ஒரு பாறையின் மேல் நின்று நரி பார்த்துக்கொண்டிருந்தது. கரடியம்மா போட்ட எண் நரியின் பக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது. "அடடே! அங்கிருந்து ஆறு, இங்கிருந்து ஒன்பது!" நரியின் மீசை துடித்தது. உடனே கீழே குதித்து ஓடி வந்தது.

"என்னக்கா, பிள்ளைக்குப் பாடமா?"

"ஆமாம் தம்பி. எங்கே ஒழுங்கா உட்காருறா? வண்டைக் கண்டால் ஓடுறா, வண்ணத்துப்பூச்சியைக் கண்டால் ஓடுறா. பௌர்ணமிக்குள்ளே இவள் எழுதின மாதிரிதான்!"

"மடியில வெச்சுக் கொஞ்சினா பிள்ளை படிக்குமா அக்கா? அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? எதிரே உட்காரு. நல்லா முறைச்சுப் பாரு. நீ எழுது, அவள் அதைப் பார்த்து அப்படியே எழுதட்டும். கேள்வி கேட்க விடாதே. கேள்வி கேட்டா நேரம் வீணாப் போகும்."

"நான் மாடு இல்லையே, கரடியாச்சே" என்றாள் திரும்பி வந்த இலுப்பி.

"பார்த்தியா அக்கா, பேச்சை!" என்று நரி தலையில் அடித்துக்கொண்டது.

அவசரக்காரிக்குக் குறுக்கு வழி சொன்னால் கசக்குமா? மறுநாளே கரடியம்மா மடியை விட்டு இலுப்பியை இறக்கினாள். எதிரே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு மணலில் 6 எழுதினாள்.

"இதைப் பார்த்து அப்படியே எழுது."

இலுப்பி பார்த்தாள். அவள் பக்கம் குளம் இல்லை. குளம் மேலே இருந்தது. வால்தான் கீழே தொங்கியது.

"அம்மா, இந்த ஆறு மலை ஏறுதே?"

"வாயை மூடிக்கிட்டு எழுது!"

இலுப்பி வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் தெரிந்ததை அப்படியே எழுதினாள். அவளுக்கு அது 9. எதிரே இருந்த கரடியம்மாவுக்கு அது அழகான 6.

"சபாஷ்டி என் ராசாத்தி!" என்று கரடியம்மா துள்ளினாள். "நரி சொன்னது எவ்வளவு சரி!"

அதன் பிறகு தினமும் அதே கதைதான். இலுப்பி வேகமாகவும் அழகாகவும் எழுதத் தொடங்கினாள். ஆனால் முன்புபோல் கைதட்டிச் சிரிக்கவில்லை. சொன்னதும் எழுதுவாள், எழுதி முடித்ததும் தலை குனிந்துகொள்வாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று கரடியம்மா சந்தோஷப்பட்டாள்.

நரியும் தன் வீட்டில் பாடம் நடத்தியது. தன் குட்டி வாலனைத் தினமும் உட்கார வைத்து, ஆறு ஆறு என்று ஆறை மட்டுமே எழுதப் பழக்கியது. "வேறு எண் எதற்கு? ஆறாம் குகைதான் நமக்கு வந்துவிடுமே!"

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் காடே மணலில் கூடியது. நடுவில் மணலைத் தட்டிச் சமன் செய்திருந்தார்கள். எழுதும் பிள்ளைக்குப் பின்னால் யானை நின்றது. அதன் பக்கத்தில் நரி போய் நின்றுகொண்டது. கரடியம்மா பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

இலுப்பி குச்சியை எடுத்தாள். அம்மா கற்றுக்கொடுத்தபடியே ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

"ஆறு!" என்று கரடியம்மா கூவினாள்.

"ஒன்பது" என்றது யானை.

"என்ன மாமா, கண்ணு தெரியலையா? ஆறு!"

"என் கண்ணுக்கு என்னம்மா குறை? ஒன்பது!"

கரடியம்மா பக்கம் நின்ற மான்கள் "ஆறு, ஆறு" என்றன. யானைப் பக்கம் இருந்த குரங்குகள் "ஒன்பது, ஒன்பது" என்று மரத்தை உலுக்கின. யார் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"பிள்ளை ஒன்பது கேட்குது, கொடுத்துடுங்க!" என்று நரி கத்தியது. "யானை மாமா நிற்கிற பக்கம்தான் கணக்கு! இலுப்பிக் கண்ணு, எழுதியாச்சு இல்லையா? குச்சியைக் கீழே வைம்மா. கை வலிக்கும்."

இலுப்பி குச்சியைக் கீழே வைக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை முட்டியது.

"அம்மா" என்றாள். "நீ இங்கே வந்து பாரேன்."

"அங்கே வந்து என்ன பார்க்கணும்? இங்கிருந்தே நல்லாத் தெரியுதே!"

"ஒரே ஒரு தடவை, அம்மா. என் பக்கம் வந்து பாரேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் கரடியம்மாவின் அவசரமெல்லாம் அடங்கிவிட்டது. மணலைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள். இலுப்பியின் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தாள்.

குளம் மேலே இருந்தது. வால் கீழே தொங்கியது.

பிள்ளைகளே, உங்களுக்குச் சந்தேகம் என்றால் ஒரு தாளில் 6 எழுதி, எதிரே இருப்பவரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கரடியம்மாவின் முகம் அப்போது எப்படி ஆகியிருக்கும் என்று தெரியும்.

"அடி என் கண்ணே!" என்றாள் கரடியம்மா. "இத்தனை நாளும் உனக்கு இப்படித்தான் தெரிஞ்சுதா? நீ முதல் நாளே சொன்னியேடி! நான்தானே உன் வாயை மூட வெச்சேன்!"

சொல்லிவிட்டு அப்படியே மணலில் இலுப்பியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அநியாயம்!" என்று நரி குதித்தது. "சொல்லிக் கொடுக்கக் கூடாது! குச்சியைத் தொடக் கூடாது!"

"அவள் எப்படி எழுதுவது என்று சொல்லவும் இல்லை, குச்சியைத் தொடவும் இல்லை. பக்கத்தில் உட்காரக் கூடாது என்று நம் வழக்கத்தில் இல்லை" என்றது யானை.

கரடியம்மா இலுப்பியைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். இலுப்பி அம்மாவின் ரோமத்தில் சாய்ந்துகொண்டாள். அம்மாவின் மேல் எப்போதும் அடிக்கும் தேன் வாசனை வந்தது. அவள் மணலை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கலகலவென்று சிரித்தாள்.

"ஆறு எங்கேயாவது மலை ஏறுமா?"

உள்ளங்கையால் மணலை ஒரே தேய்ப்பாகத் தேய்த்து அழித்தாள். குச்சியின் நுனியை மேலே ஊன்றினாள். "மலையிலே பிறந்து, கீழே இறங்கி வந்து..." என்று பாடிக்கொண்டே இழுத்தாள். தன் காலடிக்கு வந்ததும் வட்டமாக ஒரு குளம் வெட்டி முடித்தாள்.

வால் கொஞ்சம் கோணல்தான். ஆனால் அது 6. யாராக இருந்தாலும், அவள் பக்கம் வந்து நின்று பார்த்தால் 6.

இலுப்பி குச்சியைக் கீழே வைத்தாள்.

"ஆறாம் குகை கரடிக்கு!" என்று யானை துதிக்கையைத் தூக்கிப் பிளிறியது. இந்த முறை மான்களும் குரங்குகளும் இலுப்பியின் பக்கமே ஓடி வந்து குதித்தன.

அடுத்தது நரி வீட்டுப் பிள்ளை. மிச்சம் இருந்தது ஒன்பதாம் குகைதான். வாலன் குச்சியை எடுத்தான். மணலைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"ஒன்பது எழுதுடா!" என்று நரி பல்லைக் கடித்தது.

"எப்படிப்பா? நீ ஆறு மட்டும்தானே சொல்லிக் கொடுத்தே?"

நரி முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே! ஒன்றும் எழுதாமல் போனால் மழைக்கு ஒதுங்க ஒன்பதாம் குகையும் கிடைக்காது. வாலனின் உதடு பிதுங்கியது.

இலுப்பிக்குப் பாவமாக இருந்தது. அவள் ஓடிப் போய் வாலனின் கையைப் பிடித்தாள். மணலைச் சுற்றி அவனை எதிர்ப்பக்கம் அழைத்துப் போய் நிறுத்தினாள்.

"இங்கே நின்னு உனக்குத் தெரிஞ்ச ஆறையே எழுது" என்றாள்.

வாலன் எழுதினான். யானை நின்ற இடத்திலிருந்து பார்த்தது. துதிக்கை குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

"ஒன்பது! ஒன்பதாம் குகை நரிக்கு!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியது. யானை மாமா நிற்கிற பக்கம்தான் கணக்கு என்று சற்று முன்னால் கத்தியது யார்?

அன்று மாலையே மழை கொட்டியது. ஆறாம் குகையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இலுப்பி ஒருமுறைகூட இருமவில்லை. சாம்பலைப் பரப்பி வைத்துக்கொண்டு ஏழு போட்டாள், எட்டு போட்டாள், ஒன்பதும் போட்டாள். நடுவில் ஒரு வண்டு வந்தது. அதன் பின்னால் ஓடினாள். திரும்பி வரும்வரை கரடியம்மா அதே இடத்தில் அவசரப்படாமல் காத்திருந்தாள். எதிரே அல்ல, பக்கத்தில்.

நீதி: பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நினைப்பவர், முதலில் பிள்ளையின் பக்கம் போய் உட்கார வேண்டும்.