ஸ்டார் போடாத பாடம்

"மேடம், எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம். டி.சி. வாங்கிட்டு ஊருக்கே போயிடறேன்."

வெண்மதி நீட்டிய கடிதத்தைக் கணிதத் துறை ஆசிரியை நஸ்ரீன் வாங்கவில்லை. கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

"பிளஸ் டூல கணக்குல எவ்வளவு?"

"தொண்ணூத்தேழு."

"இங்கே?"

"அம்பதுக்கு ஒன்பது."

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தொண்ணூற்றேழைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்த அப்பாவிடம் இந்த ஒன்பதை எந்த வாயால் சொல்வது?

"அந்தத் தொண்ணூத்தேழை எப்படி வாங்கினே?"

"எங்க சார் முக்கியமான கேள்விக்கெல்லாம் சிவப்பு மையில ஸ்டார் போட்டுத் தருவார். நான் ஒரு ஸ்டார் விடாம மனப்பாடம் பண்ணிடுவேன். இங்கே யாருமே ஸ்டார் போடறதில்லை, மேடம்."

நஸ்ரீன் சிரிக்கவில்லை.

"சரி, கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. எண்கள் பாடத்துல இருந்து எனக்கு ஒரு கேள்வி கொண்டு வா. பதில் எனக்குத் தெரியக் கூடாது."

"உங்களுக்கா? நானா?"

"ஏன், எப்பவும் நாங்கதான் கேட்கணுமா?"

மறுநாள் ஒரு கேள்வியோடு போனாள்.

"நாற்பத்தொண்ணாம் பக்கம்" என்றார் நஸ்ரீன்.

அதற்கு மறுநாள் இன்னொன்று.

"இதுக்குப் பதில் அடுத்த பாடத்துல இருக்கு. நீ அதைத் திறந்தே பார்க்கலைன்னு நல்லாத் தெரியுது. போ, போ."

கல்லூரியை விட்டுப் போவதற்காகவே வெண்மதி அந்தப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சிரிக்கக் கூடாது, மேடம்."

"கேளு."

"மூணு, அஞ்சு. அஞ்சு, ஏழு. பதினொண்ணு, பதிமூணு. பகா எண்கள் இப்படி ரெண்டு வித்தியாசத்துல ஜோடி ஜோடியா வருது. போகப் போக ஜோடி குறையற மாதிரி இருக்கு. எங்கேயாவது கடைசி ஜோடின்னு ஒண்ணு வந்து நின்னுடுமா? இல்ல, வந்துக்கிட்டேதான் இருக்குமா?"

நஸ்ரீன் பேனாவை மூடி வைத்தார்.

"தெரியாது."

"விளையாடாதீங்க, மேடம். புத்தகம் பூரா தேடிட்டேன். உங்களுக்காவது…"

"எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்களுக்கும் தெரியாது. இன்னிவரைக்கும் யாருக்குமே தெரியாது."

வெண்மதிக்கு முதலில் பயம்தான் வந்தது. அவள் படித்த பள்ளியில் எல்லாக் கணக்குக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடை இருந்தது.

"சொன்னா சொன்னதுதான்" என்று நஸ்ரீன் கையை நீட்டினார். "கடிதத்தைக் கொடு."

அவள் அசையவில்லை. உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"வெண்மதி?"

"இருங்க, மேடம்" என்றாள். "நூத்தி மூணு வரைக்கும்தான் பார்த்திருக்கேன்."