கட்டிலுக்குப் பார்த்த முதுகு வைத்தியம்

மொண்ணைப்பட்டிக்காரர்கள் யார் பேச்சையும் தட்டிப் பழகாதவர்கள். சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதனாலேயே அவர்களிடம் எதையும் சொல்ல எனக்குப் பயம்.

அந்த ஊர் சங்கையாவுக்குக் கல்யாண நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தால் உயிர் போனது. குனியாமல் பெண்ணுக்கு மெட்டி போடுவது எப்படி? "வளையாத மாப்பிள்ளை எங்களுக்கு வேண்டாம்" என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், சங்கையா அழுதேவிட்டான்.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "படுத்தே கிடக்காம நடமாடுங்க, தானாச் சரியாகும்" என்றார். மாத்திரைகூட இல்லாமல் இது என்ன வைத்தியம் என்று ஊருக்கே குறை. அப்போதுதான் ஞானராஜ் என்பவர் வந்து சேர்ந்தார். முதுகெலும்பைச் சொடுக்கினால் சளி முதல் சர்க்கரை வரை ஓடிப்போகும் என்பது அவர் கட்சி.

சங்கையாவின் நண்பர்கள் மொக்கையனும் ஒச்சப்பனும் டாக்டரம்மாவிடமே போய், இது நிஜமா என்று கேட்டார்கள்.

"சோதிச்சுத்தான் பார்க்கணும். யாருக்கு நிஜ வைத்தியம் நடக்குதுன்னு செய்யறவருக்கும் தெரியக் கூடாது, செஞ்சுக்கிறவருக்கும் தெரியக் கூடாது. அப்பத்தான் உண்மை வெளிய வரும்."

அவ்வளவுதானே! ஞானராஜ், சங்கையா இருவர் கண்ணையும் துண்டால் இறுக்கிக் கட்டி, சங்கையாவைக் கட்டிலில் போட்டார்கள். அவனோ படுத்தே கிடக்கக் கூடாதே என்று எழுந்து நடமாடப் போய்விட்டான். ஞானராஜ் தடவித் தடவிக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தார். முழங்காலை ஊன்றி ஓர் அழுத்து அழுத்தினார். மளுக்!

"கேட்டுச்சா? அதான் நோய் போற சத்தம்" என்றார் பெருமையாக. துண்டை அவிழ்த்துப் பார்த்தவர், அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

நண்பர்கள் கூடி யோசித்தார்கள்.

"இந்தக் கட்டில் தினம் கிறீச்சு கிறீச்சுன்னு முனகும். இப்ப முனகுதா?"

"இல்லடா."

"அப்ப குணமாயிருச்சு."

"கட்டிலுக்குச் சரி. சங்கையாவுக்கு?"

"பொறுடா. மருந்து வேலை செய்ய நேரம் வேணாமா?"

படுக்கக் கட்டில் இல்லாததால் சங்கையா நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்தான். கல்யாணத்துக்குள் வலி போன இடம் தெரியவில்லை. டாக்டரம்மா பேரை யாரும் எடுக்கவில்லை. உடைந்த கட்டிலுக்குத்தான் மாலை விழுந்தது. அதன் பிறகு ஊரில் யாருக்குத் தலை வலித்தாலும் வீட்டு பெஞ்சை உடைத்தார்கள்.

முகூர்த்தத்தில் சங்கையா நன்றாகக் குனிந்து மெட்டி போட்டான். நிமிரும்போது ஒரு தும்மல் போட்டான். அவ்வளவுதான், நண்பர்கள் இருவரும் சீர்வரிசையில் இருந்த கட்டில்மேல் பாய்ந்தார்கள். மளுக்!

"ஐயையோ, புதுத் தேக்குக் கட்டிலாச்சே!" பெண்ணின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒச்சப்பன் பதறிப்போனான்.

"டேய், மாமாவுக்கு நெஞ்சு வலிடா! இதுக்கெல்லாம் கட்டில் பத்தாது. ஓடு, அந்தப் பீரோவைத் தூக்கிட்டு வா!"