கோட்டைச்சாமி இடுப்பில் கத்தி

"தாயி, இது மட்டும் எனக்கு வேண்டாம்" என்றார் கோட்டைச்சாமி.

அவர் முன்னால் பாறைமேல் ஒரு கத்தி கிடந்தது. ஒரு சாண் நீளம், முதுகு தடித்த அலகு, மரப்பிடி, தோல் உறை. மடக்கிப் பைக்குள் ஒளித்து வைக்கிற ரகம் இல்லை. நாலு பேர் பார்க்க இடுப்பு வாரில் தொங்குகிற ரகம்.

நாச்சியம்மையின் மலைமடத்தில் சேருகிறவர் யாராக இருந்தாலும் முதல் நாள் இதுதான் கிடைக்கும். மந்திரம் கிடையாது, மாலை கிடையாது. காட்டில் இருக்கிறவருக்குக் கத்தி வேண்டும், அவ்வளவே.

ருத்திராட்சம் வாங்கலாம் என்று ஐம்பத்திரண்டு வயதில் மலையேறி வந்த மனிதருக்கு அதைப் பார்த்ததுமே வியர்த்துவிட்டது. காரணத்தையும் சொன்னார்.

கிணற்றுத் தண்ணீர் முறைக்காகத் தம்பி சோலைமலையோடு வாய்ச்சண்டை. அந்த நேரம் பார்த்து இவர் கையில் இளநீர் சீவுகிற கத்தி இருந்தது. தம்பியின் வலது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துவிட்டார். பதினெட்டுத் தையல். தம்பி பிழைத்துக்கொண்டான், போலீசுக்கும் போகவில்லை. ஆனால் நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இவரும் அன்றிலிருந்து ஒரு வெங்காயம்கூட அரிந்ததில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

"என் கையை எனக்கே நம்ப முடியலை தாயி. இது இனிமே யாரையும் வெட்டாதுன்னு தெரியணும். அப்புறம்தான் தம்பி முகத்துல முழிப்பேன்."

நாச்சியம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கத்தியை வாரில் கோத்து அவர் இடுப்பில் கட்டிவிட்டார்.

"சாயங்காலம் வந்து, இது என்ன பண்ணுச்சுன்னு சொல்லுங்க."

சாயங்காலம் போனார்.

"என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை தாயி. உறையை விட்டே எடுக்கலை."

"சரி, நாளைக்கு வாங்க."

பத்து நாள் இதே கதை. பதினோராம் நாள் மதியம் அவர் இலையில் சோற்றுக்குப் பதில் ஒரு முழுப் பலாப்பழம் இருந்தது. மடத்தில் யாரும் அவருக்குக் கத்தி இரவல் தரவில்லை. வெயில் சாயும்வரை வீம்பாக உட்கார்ந்திருந்தார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவருக்குப் பதினோராவதாகப் பயமும் பறந்தது.

"பலாப்பழம் வெட்டுச்சு தாயி."

"பிசினோட உறைக்குள்ள போட்டுடாதீங்க. எண்ணெய் தொட்டுத் துடைச்சு வைங்க."

அவ்வளவுதான் உபதேசம்.

அடுத்தடுத்த நாட்களில் கத்தி வாழைச்சருகு அறுத்தது. கொடியில் கழுத்து மாட்டிக்கொண்ட வெள்ளாட்டை விடுவித்தது. மாடு கட்ட முளைக்குச்சி சீவியது. ஒரு நாள், வேறு ஒன்றும் இல்லை, பிடியால் முதுகு சொறிந்துகொண்டேன் என்றார். நாச்சியம்மை வாய்விட்டுச் சிரித்ததை அவர் அன்றுதான் பார்த்தார்.

ஆறு மாதம் போனது. ஒரு காலையில் நாச்சியம்மை நொண்டிக்கொண்டே வந்து பாறையில் உட்கார்ந்து, குதிகாலைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

"முள்ளு ஏறிடுச்சு. எடுங்க."

ஊக்கு கொண்டுவருகிறேன் என்றார் இவர். ஊக்குக்கு எட்டாத ஆழம் என்று சொல்லிவிட்டு நாச்சியம்மை கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

கோட்டைச்சாமி கத்தியை உருவினார். நுனியைத் தோலில் வைத்தபோது கை ஆடவில்லை. மெல்லக் கீறி முள்ளை நெம்பினார். முள் வந்தது, கூடவே ஒரு சொட்டு ரத்தமும் வந்தது.

"ரத்தம் வந்துடுச்சு தாயி."

"அப்பாடா" என்று நாச்சியம்மை காலை ஊன்றி எழுந்து, தன் பாட்டுக்கு நடந்து போய்விட்டார்.

கோட்டைச்சாமி அங்கேயே உட்கார்ந்து அழுதார். துக்கம் ஒன்றும் இல்லை. நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கினால் சில பேருக்கு அழுகைதான் வரும்.

அன்றைக்கே தம்பியைக் கூட்டிவர ஊருக்கு ஆள் அனுப்பச் சொன்னார். மூன்றாம் நாள் சோலைமலை வந்தான். தோளில் ஒரு கட்டுக் கரும்பு. மடித்துவிட்ட சட்டைக் கைக்குக் கீழே தழும்பு நீளமாகத் தெரிந்தது. கரும்பை இறக்கி வைத்துவிட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தான்.

சோலைமலை கரும்புக் கட்டை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகிப்போயிருந்தது.

"அந்தக் கத்தியைத் தாண்ணே" என்றான்.

நாலரை வருஷத்தில் முதல் பேச்சு. கோட்டைச்சாமி கத்தியை உருவி, இருவருக்கும் நடுவே தரையில் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். கீழே வைத்துத்தான் மற்றவர் எடுக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது.

சோலைமலை எடுக்கவில்லை. தழும்பு விழுந்த கையை அண்ணன் பக்கம் நீட்டினான்.

"கையிலேயே குடுண்ணே. வரவேண்டிய சண்டைதான் வந்துட்டுப் போயிடுச்சே."